கன்னத்தில் கைக்குட்டை

– அப்பா, நாளையிலிருந்து நீங்க என் கிளினிக் வெளியே பல்வலிக்காரர் மாதிரி வந்து உக்கார வேண்டாம்.

– ஏன் பாப்பா? இன்னைக்கு முனகல் சரியா வரலையா?

– முனகல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. ஆனா ஒரு அம்மா என்கிட்ட கேக்குறாங்க: "டாக்டர், அந்தப் பெரியவர் தினமும் கன்னத்துல கைக்குட்டையை அமுக்கிட்டு உக்காந்திருக்காரே, உங்க வைத்தியத்துல அவருக்கு எப்பத்தான் குணமாகும்?"

– அட, அதை யோசிக்கலையே! சரி விடு, நாளைக்கு அடுத்த கன்னம்.

– அப்பா!

– கோவிச்சுக்காதே. ஆயுசு பூரா பஸ்ல டிக்கெட் கிழிச்சவன் நான். காலி பஸ்ஸைப் பார்த்தா சனம் ஏறாது பாப்பா. நாலு தலை தெரிஞ்சாத்தான் "இது ஊர் போய்ச் சேரும்"னு நம்பி ஏறும். கிளினிக்கும் அப்படித்தான்.

– அதுக்காக வர்றவங்களை எல்லாம் "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க"ன்னு விரட்டணுமா? ஒருத்தர் பழக்கதோசத்துல சில்லறையை எடுத்து நீட்டுறாரு.

– நான் வாங்கலையே!

– சிரிக்க வைக்காதீங்கப்பா, முக்கியமா ஒண்ணு சொல்லணும். நான் படிக்கப் போறப்போ மாமா என்ன சொன்னாரு? "அவனவன் ஊர் வாயில விழாம பொண்ணை வளர்க்குறான், நீ ஊர் வாயில கையை விடுற படிப்புக்கு அனுப்புறியே"ன்னு.

– அவன் கிடக்கான். இப்போ அவனுக்குப் பல்செட்டு கட்டினது யாரு?

– நான்தான். இலவசமா. அவரையும் நீங்கதான் இழுத்துட்டு வந்தீங்க. பேச்சை மாத்தாதீங்க. வீட்ல அத்தனை பேரும் வேண்டாம்னப்போ நீங்க ஒருத்தர்தான் "அவ படிக்கட்டும்"னு நின்னீங்க. எனக்காக டபுள் டூட்டி பார்த்தீங்க. இந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடிச்சதும் நீங்க, வாசல்ல போர்டு மாட்டினதும் நீங்க. நன்றின்னா அது சின்ன வார்த்தையா இருக்குப்பா. எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். அவ்ளோதான்.

– சும்மா இரு பாப்பா. வயசான காலத்துல மூக்கு வேற ஒழுகுது.

– அதனால இன்னைக்கு நிஜமாவே இந்த நாற்காலியில உக்காருங்க. கண்டவங்க வாயை எல்லாம் பார்த்தாச்சு, உங்க வாயை நான் பார்க்கவே இல்ல.

– எனக்கென்ன, பல்லெல்லாம் இரும்பு! நேரமாச்சு, வீட்டுக்குக் கிளம்பலாம் வா.

– உக்காருங்கன்னா உக்காருங்க. ம்... வாயைத் திறங்க. இன்னும்.

– ஆ...

– அப்பா.

– ஆ?

– இந்தக் கடைவாய்ப் பல்லுல ரூட் கெனால் பண்ணி கேப் போட்டிருக்கு. புத்தம் புதுசு.

– ஆ... ஆ...

– வாயை மூடிட்டுப் பேசுங்க. யார் போட்டது?

– அடுத்த தெரு டாக்டர். பாவம், நல்ல மனுசன்.

– அடுத்த தெருவா? ஊரையே என்கிட்ட அனுப்பிட்டு நீங்க மட்டும் அவர்கிட்ட போனீங்களா? அப்போ என் கை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்ல. வேற யார் நம்பாட்டியும் போகட்டும்னு இருந்தேன்பா. நீங்களுமா? மாமா சொன்னதெல்லாம் கூட எனக்கு இவ்ளோ வலிக்கல.

– ஐயோ, அழாதே. உன் கை தங்கம் பாப்பா. கோளாறு உன் கையில இல்ல, என் தொண்டையில.

– தொண்டைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

– ஊசியைப் பார்த்தா நான் கத்திடுவேன். அதுவும் லேசுப்பட்ட கத்தலா? வண்டியில விசில் தொலைஞ்ச அன்னைக்கெல்லாம் இந்தத் தொண்டைதான் விசில். வெளியே ஆளுங்க உக்காந்திருக்கும்போது உள்ள "ஐயோ, செத்தேன்"னு நான் அலறினா உன் பேர் என்னத்துக்கு ஆகும்? சொந்த அப்பனையே அலற விட்டாளேன்னு நாளைக்கு ஈ காக்கா வராது.

– அதுக்காக வலியைப் பொத்திக்கிட்டு அங்க போனீங்களா?

– ஆமா, அங்க போய் மனசாரக் கத்தினேன். காத்துட்டிருந்த சனம் மொத்தமும் எழுந்து ஓடிடுச்சு. எனக்கு வாய் மரத்துப் பேச்சே வரல பாப்பா, இருந்தாலும் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தருக்கும் கையாலயே உன் கிளினிக்குக்கு வழி காட்டிட்டுத்தான் வந்தேன்.