மிக்சி போடவிடாத கணவர்

மயிலாப்பூர் டேங்க் ஸ்டாப்பில் ஏறி, என் முன் சீட்டில் உட்கார்ந்த பெண் கூட வந்தவளிடம் சொன்னாள்: "எங்க வீட்டு கம்ப்யூட்டரை ஆன் பண்ணா, இப்பல்லாம் எதுக்குள்ள போவணும்னு கேக்குதுக்கா."

"இன்னாடி சொல்ற?"

"என் வூட்டுக்காரரு அதுக்குள்ளயே இன்னொரு சிஸ்டம் போட்டுகீறாரு. பாதி இடம் பழசுக்கு, பாதி புதுசுக்கு."

"பழசுல இருந்ததெல்லாம் போயிடுச்சா?"

"ஒண்ணும் போவல. முன்னாடியே போட்டோவெல்லாம் தனியா காப்பி எடுத்து வெச்சாரு. நடுவுல கரண்ட் ட்ரிப் ஆயிடப் போவுதுன்னு, முடியற வரிக்கும் என்னை மிக்சி போட விடல."

"நல்லதுதானே. இதுல இன்னா சந்தேகம் உனக்கு?"

"கேஸ் அடுப்பை அணைக்க மறந்துட்டுப் போற மனுஷன்க்கா. இதுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு இவ்ளோ ஜாக்கிரதை?"

"ஆபீஸ் வேலைக்காக இருக்கும்."

"நானும் அப்டித்தான் நெனச்சேன். காலைல அவரு கெளம்புனதும் புதுசுக்குள்ள போய்ப் பாத்தேன், பாஸ்வேர்டு கேட்டுச்சு. போனுலேர்ந்து எல்லாத்துக்கும் அவரு என் பேரைத்தான் போடுவாரு."

"போட்டுப் பாத்தியா?"

"தொறக்கலக்கா."