எடை குறையாத மெஷின்

ஐயோ, கத்தாதீங்க சேச்சி. கீழ சுக்குக் கடையில ஆளுக இருக்காங்க, என்னமோ ஏதோன்னு மேல ஏறி வந்துடுவாங்க. மொதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. சாயா சொல்லட்டா? வேண்டாமா, சரி.

படியில சத்தம் கேட்டதும் உங்க அப்பான்னுதான் நெனச்சேன். பாத்தா அவர் மெஷினத் தூக்கிட்டு நீங்க வர்றீங்க. வாசல்ல போர்டு கூட இல்ல, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஓ, கடையில கேட்டீங்களா.

அவர் கையில கொப்புளம்னு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும், சத்தியமா. வீட்ல மெஷினுக்குக் கம்பிக் காயில் சுத்திப் பாக்கறப்ப சுட்டிருக்கும். எந்தக் கை? வலது கையா... மருந்து போட்டாச்சுல்ல? ராத்திரி தூங்கறாரா?

இல்ல சேச்சி, ஏமாத்தல. எழுபது வயசு மனுஷனப் பறக்கற மெஷினுன்னு ஆசை காட்டிக் கெடுக்கறோம்னு உங்களுக்குத் தோணும். தோணாதா பின்னே? எங்க அம்மா ஒச்சம்மாகிட்டயே நான் என்ன வேலை பாக்கறேன்னு ஒழுங்காச் சொல்ல முடியல. நான் கைக்கொழந்தையா இருக்கறப்பவே இங்க சித்தாள் வேலைக்கு வந்தது அது. உசிலம்பட்டி பூரா எம்பொண்ணு ராக்கெட் ஆபீஸ்ல இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கு. ராக்கெட் இல்லம்மா, ராக்கெட்டே இல்லாம மேல போக வழி இருக்கான்னு பாக்கற எடம்னேன். அப்ப அத விடப் பெரிய ஆபீஸான்னு கேக்குது.

விஷயம் இவ்ளோதான். பூமி எல்லாத்தயும் கீழ இழுக்குதுல்ல? அத எதுத்து நிக்கற ஒரு மெஷின எங்கயாச்சும் யாராச்சும் செஞ்சிட மாட்டாங்களான்னு ஆசப்பட்ட கொஞ்சம் பேர் சேர்ந்து ஆரம்பிச்ச டிரஸ்ட். லாபத்துக்கு இல்ல. கூட்டம் போடுவாங்க, நெட்ல பேசிக்குவாங்க. மாசத்துல மொத சனிக்கிழமை யார் வேணாலும் தான் செஞ்சதக் கொண்டாரலாம். நான் தராசுல வெப்பேன், சுவிட்சப் போடுவேன், எடை குறையுதான்னு பாத்து உள்ளத உள்ளபடி சொல்லுவேன். களமசேரியில பிசிக்ஸ் எம்.எஸ்சி. எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நாந்தான். பறக்கும்னு ஒருத்தர்ட்டயும் நான் சொன்னதில்ல சேச்சி. குறையலைன்னு சொல்றதுதான் எனக்கு வேலையே.

மொதல்ல நெறைய பேர் வந்தாங்க. ஆலுவாவிலேர்ந்து ஒருத்தர் காந்தமா அடுக்கிக் கொண்டாருவார். நான் குறையலைன்னா தராசு சரியில்லன்னு சண்டை போடுவார். அப்புறம் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. உங்க அப்பா மட்டும் நிக்கல.

சுள்ளிக்கல்லேர்ந்து பஸ்ல மெஷினக் கொழந்தை மாதிரி மடியில வெச்சிட்டு வருவார். படி ஏறி மூச்சு வாங்கிட்டு, என்ன அமுதவல்லி, தொறந்துண்டு ஒக்காந்திருக்கியா, சாப்ட்டியான்னு கேப்பார். லக்ஷ்மிநாராயணன் சாரோட பாலக்காட்டுத் தமிழ் வேற, எங்க தமிழ் வேற. இருந்தாலும் தமிழ்தானே. ஹாஸ்டல்ல மலையாளம், கடையில மலையாளம். நான் படிச்சதும் அதுலதான், எழுதறதும் அதுதான் நல்லா வரும். ஆனா சாப்ட்டியான்னு ஒருத்தர் கேக்கறது... எந்தக் கடையா? சொல்றேன், இருங்க.

ஒரு தடவை குறைஞ்சுச்சு. நெஜமாத்தான். சுவிட்சப் போட்டதும் தராசுல நம்பர் எறங்குது. அவர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிட்டுப் பாக்கறார். கொஞ்ச நேரம் நானும் நம்பிட்டேன் சேச்சி, பொய் சொல்லக் கூடாது. அப்புறந்தான் வயரப் பாத்தேன். சூடேறி நெளிஞ்சு, மெஷின லேசா மேல தாங்கிட்டு இருக்கு. சொல்லாம விட்டிருந்தா அன்னிக்கு அவர் எப்படிச் சந்தோஷமா எறங்கிப் போயிருப்பார்! சொல்லிட்டேன். வயர மாத்தி தொளதொளன்னு விட்டுப் பாத்தோம். பழைய எடையே நின்னுச்சு. துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டார்.

இனி வரவே மாட்டார்னு அந்த மாசம் பூரா நெனச்சிட்டே இருந்தேன். மொத சனிக்கிழமை கதவத் தொறக்கறதுக்கு முன்னாடியே படியில நிக்கறார். குட்டி, இந்தத் தடவை வயரே கெடையாது, பேட்டரிய உள்ளயே வெச்சுட்டேன், இப்போ நீ என்ன சொல்லுவேன்னு கேக்கறார். கையில நேந்திரங்கா சிப்ஸ் பொட்டலம் வேற.

நானா? குறையலைன்னுதான் சொன்னேன். சிரிச்சார். ரெண்டு பேரும் சிப்ஸ் தின்னோம்.

டிரஸ்ட்காரங்க நம்பர் வேணுமா? கம்ப்ளெய்ன்ட் பண்ணவா? தர்றேன், தராம என்ன. ஆனா எடுக்க மாட்டாங்க. டிரஸ்ட்ட ஓணத்துக்கு முன்னாடியே மூடிட்டாங்க சேச்சி. அத ஆரம்பிச்சு நடத்தின பெரியவருக்கு உடம்பு முடியாமப் போச்சு, மத்தவங்களுக்கு ஆர்வமில்ல. போர்டு, கம்ப்யூட்டர், நல்ல தராசு எல்லாம் போயாச்சு. இதுவா, இது கீழ சுக்குக் கடைத் தராசு. சனிக்கிழமைக்கு மட்டும் கடைக்கார இக்கா குடுக்கறார். இந்த மாடியும் அவரோடதுதான், வேற வாடகைக்காரர் வர்ற வரைக்கும் சாவி உன்கிட்டயே இருக்கட்டும்னும் சொன்னார். நான் இப்ப தோப்பும்படியில துணிக்கடையில பில் போடறேன். மொத சனிக்கிழமை மட்டும் லீவு கேட்டு வந்து தொறப்பேன்.

எதுக்குன்னா... பூட்டின கதவப் பாத்துட்டு அவர் அந்தக் கனத்தத் தூக்கிட்டுத் திரும்ப எறங்கணுமேன்னு வந்தேன். அது மொத மாசம். இப்பவும் அதுக்குத்தான்னா அது பொய்யாயிடும். அம்மாவும் அப்பாவும் இங்கேர்ந்து கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை கெடைச்சுப் போயிட்டாங்க. எனக்கும் மாசத்துல ஒரு நாள்...

அவர் வர்றத நிறுத்தறதுன்னா நிறுத்துங்க சேச்சி. கைதான் முக்கியம். நான் சாவிய இன்னிக்கே இக்காகிட்டக் குடுத்துடறேன்.

மூடினது அவருக்குத் தெரியுமாவா? நான் சொல்லல. அவரும் கேக்கல. ஆனா போர்டு இல்லாத வாசலுக்குத்தானே வந்தார். அந்த மொத மாசம் உள்ள வந்து இந்தத் தராசப் பாத்தார். லேத் பட்டறையில வருஷக்கணக்கா வேலை பாத்த கண்ணு, தெரியாமலா இருக்கும்? தட்டுல வெரல வெச்சுத் தேச்சு மோந்து பாத்தார், சுக்கு வாசனை. என் மூஞ்சியப் பாத்தார். அப்புறம் மெஷினத் தூக்கி அதுமேல வெச்சுட்டு, ம், சுவிட்சப் போடு குட்டின்னார்.