வெயிலில் பரப்பிய மாத்திரைகள்

நெய்வேலி வெயிலை வெளியூர்க்காரர்கள் திட்டாமல் போக மாட்டார்கள். நான் திட்டியதில்லை. சுரங்க ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் பழுப்பு நிலக்கரியைத் தட்டில் பரப்பி, உலர்த்தி, எடை பார்த்தவன். எது எவ்வளவு நேரம் காய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், சார். நீங்களும்தான்.

என் மகன் வளவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போனபோது என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாரம் மூன்று நாள் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் டயாலிசிஸுக்கு அழைத்துப் போவேன். நாலு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "கையப் புடிச்சிகினே இருப்பா, எங்கயும் போய்டாத" என்பான். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை. ஷிஃப்ட் ஷிஃப்டாக ஓடியதில் அவன் குழந்தையாக இருந்ததை நான் பார்த்ததே இல்லை. அந்த இரண்டு வருடம்தான் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரே வருடத்தில் தேறிவிட்டான். அப்புறம் நான் எதற்கு? மாத்திரை டப்பா நிரப்ப. வந்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியமென்று தள்ளிவிடாமல் இருக்க, ஆயுசுக்கும் போட வேண்டிய மாத்திரை அது. போன தை மாதம் வந்து நின்றான். "ஒடிசாவுல வேல கெடச்சிருக்குப்பா. நானும் உமாவும் கெளம்புறோம். நீ இங்கயே இருந்துக்க." உமா அவன் மனைவி.

என் சிறுநீரகத்தோடு ஒடிசாவுக்கு. என்னைக் கேட்கவில்லை, சொன்னான்.

அந்த மருந்துகளைப் பற்றி போனில் ஓர் ஆய்வுக் கட்டுரை படித்திருந்தேன். உடம்பின் செல்கள் துருப்பிடிப்பது போலக் கெடாமல் தடுக்கும் குணம் அவற்றுக்கு உண்டா, வெளிச்சம் பட்டால் அது என்ன ஆகிறது என்று கண்ணாடிக் குழாயில் சோதித்திருந்தார்கள். மனிதன் விழுங்கினால் என்ன என்று அதில் இல்லை. ஆனால் மாத்திரைப் பெட்டியிலேயே வெளிச்சம் படாமல் வைக்கச் சொல்லி அச்சடித்திருந்தது. எனக்கு அது போதும்.

வளவனும், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் மருமகள் உமாராணியும் காலையில் கிளம்பியதும் ஆரம்பிப்பேன். அட்டையைப் பிரித்து, எவர்சில்வர் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மொட்டை மாடியில் வைப்பேன். பாதி நேரத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுவேன். லேபில் பழகிய கை. விஷம் எதுவும் கலக்கவில்லை, அதையும் எழுதுங்கள். டாக்டர் எழுதியதைத்தான் கொடுத்தேன், வேளை தவறாமல்.

ரத்தத்தில் மருந்து குறைகிறது என்று டாக்டர் அவனைத் திட்டினார். அவன் வந்து உமாராணியைத் திட்டினான். "ஒரு வேள கூட தவறலங்க, மாமாதான் எடுத்துக் குடுக்கறாரு" என்று அழுதாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை திருப்பிப் போடாமல் கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் சாயம் போன மாத்திரைகளை அவள் டப்பாவில் பார்த்தாள். கடை வாசலில் வெளுத்துப் போன சேலையைத் தினமும் பார்க்கிறவள், தெரியாமல் போகுமா?

"இத எங்க வெச்சீங்க மாமா?"

"வெயில்ல" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். கொடுத்தவனும் நான், கெடுத்தவனும் நான். அந்தச் சிறுநீரகம் இப்போது வேலை செய்யவில்லை. வளவன் ஒடிசாவுக்குப் போகவில்லை. என் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்கிறானாம். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கோபம் ரொம்ப நாள் நிற்காது.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சீக்கிரம் முடியுங்கள், சார். நாளைக்கு அவனுக்கு டயாலிசிஸ். பக்கத்தில் உட்கார நான் போக வேண்டும்.