சாவை உட்கார வைத்துப் பேசிய என் அக்கா

அறிவால் இந்த அவையை ஆளும் கல்லூரி முதல்வர் அவர்களே! முன்வரிசையை நிறைத்து முகம் மலர்ந்திருக்கும் மூத்தோர்களே! பெற்றதோடு நில்லாமல் எங்களுக்குப் பேசவும் கற்றுத்தந்த தாய்மார்களே! பணியிலிருந்து ஓய்வு பெற்றும் என்னை முறைப்பதில் மட்டும் ஓயாத விழா நாயகியே, தத்துவப் பேராசிரியரே, என் அக்காவே! அனைவரையும் வணங்குகிறேன்.

அக்கா வென்ற வாதங்களைப் பலர் சொன்னீர்கள். அவர் வாயடைத்துப்போன கதையை நான் சொல்கிறேன். (இப்போதே கைதட்டாதீர்கள் ஐயா, வீட்டுக்குப் போய் வாங்கப்போவது நான்!)

எங்கள் அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த காலம். ஒரு பிற்பகல் அழைப்புமணி அடித்தது. அம்மாவுக்குச் சொல்லியிருந்த காற்று மெத்தை வந்துவிட்டதென்று ஓடிக் கதவைத் திறந்தேன். மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நான்தாங்க சாவு. உள்ள வரலாமா?”

உள்ளேயிருந்த அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா அஞ்சினாரா? இல்லை! அலறினாரா? இல்லை! ஆரம்பித்துவிட்டார்!

“வாங்க, உக்காருங்க. உங்களப் பத்தித்தான் இத்தனை வருஷமா பாடம் எடுக்கிறேன். நான்ங்கிறது இந்த உடம்புன்னா, அது இங்கயே கிடக்கப்போகுது. உடம்பு இல்லன்னா, எனக்கு இடம்னே ஒண்ணு கிடையாது. அப்போ யாரை, எங்க கூட்டிட்டுப் போவீங்க?”

சாவு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தது. “எல்லாரும் அழுவாங்க, நான் கூட்டிட்டுப் போயிடுவேன். இப்படி யாரும் கேட்டதில்லீங்க.”

உள்ளிருந்து அம்மாவின் குரல். “யாருடி வந்திருக்கிறது?”

“சாவும்மா!”

“பாவம், பேசியே அவரைக் கொன்னுடாத. குடிக்கத் தண்ணி குடு!”

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாவு மெல்லச் சொன்னது: “டீச்சரம்மா, நான் வந்தது உங்களுக்காக இல்ல. அவங்களுக்காக.”

எங்கே போயின வாதங்கள்? எங்கே போயின மேற்கோள்கள்? அக்கா அதன் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணும்னா நான் வரேன். அம்மாவ விட்டுடுங்க.”

“விடுடி,” என்றார் அம்மா. “முதுகெல்லாம் புண்ணு. எனக்குப் போகணும். தலைய மட்டும் வாரிவிடு, இந்தக் கோலத்துல எப்படிப் போறது?”

அக்கா சிக்கெடுத்தார். வலிக்காமல், இழை இழையாய்ச் சிக்கெடுத்தார். சாவு அறையின் வாசற்படியில் நின்று, “அவசரமில்லீங்க” என்றது. அம்மா அதனிடம் கேட்டார்:

“ஏன் தம்பி, அங்க எப்படி இருக்கும்?”

“தெரியாதும்மா. வாசல் வரைக்கும்தான் என் வேலை. என்னை உள்ள விடமாட்டாங்க.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே போய்விட்டார்.

அந்த வாரமே அக்கா வகுப்புக்குப் போனார். துணைக்குப் போன நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மரணத்தைப் பற்றிய அதே பாடம், அதே வாதம். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பாதியில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவுமில்லை, நிறுத்தவுமில்லை. அழுதபடியே பாடத்தை முடித்தார்!

அன்பர்களே! அழத் தெரியாத அறிவு எதற்கு? அழுததும் ஓடிவிடுகிற அறிவுதான் எதற்கு? கண்ணீரோடும் நின்று கடைசி வரி வரை சொல்லும் துணிவே தத்துவம்! அந்தத் துணிவுக்கு உடன்பிறந்தவன் என்ற பெருமையோடு, பொறுமையாய்க் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!