கால்வாய் ரோட்டுப் பள்ளம்

இரவு ஒன்றேகால்... நாம் கடல் தாண்டிப் பிழைக்க வந்த பிளெய்ன்ஸ்பரோவுக்குப் பின்னால், கால்வாயை ஒட்டிப் போகும் ரோடு. விளக்கே கிடையாது. காரை ஓட்டியது, இதோ உட்கார்ந்திருக்கும் நம்ம சபரியின் அண்ணன் மாரிசாமி. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பார்க்கிங் வரைக்கும் தனியாகத்தான் நடக்க வேண்டும்.

தொண்ணூற்றெட்டு, பிப்ரவரி கடைசி. பனி உருகி, ரோடெல்லாம் அம்மைத் தழும்பாகப் பள்ளம். பக்கத்து சீட்டில் அவன் மனைவி வான்மதி, நிறைமாதம். வலி எடுத்துவிட்டது.

"ஏங்க... சீக்கிரம் போங்க."

மிதித்தான்.

டமார்! அப்புறம் தட... தட... தட. முன் டயரின் விலாவில் கை நுழையும் அளவுக்குக் கிழிசல்.

செல்போன் கையில் இல்லாத காலம். டிக்கியில் கிடந்த அரிசி மூட்டையை ரோட்டோரம் வீசிவிட்டு, அடியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்தான். பொம்மை மாதிரி ஒல்லியாக ஒரு டயர்! ஊரில் ஸ்டெப்னி என்றால் முழு டயர். இதை நம்பியா பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப்போவது? அழுகையே வந்துவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கினான். விரல் மரத்து, கழற்றிய நட்டுகள் கைதவறிச் சேற்றில் போயின. டார்ச்சும் மங்கியது. உள்ளே வான்மதி பல்லைக் கடித்து முனகினாள்.

அப்போது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது... உள்ளங்கையில் நட்டுகள்.

திரும்பினான். நூல் புடவை, மேலே ஆம்பிளை ஜாக்கெட், காலில் ரப்பர் செருப்பு. மகன் வீட்டுக்கு வந்திருக்கும் யாரோ ஆன்ட்டி, தூக்கம் வராமல் நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். அந்தக் குளிரில்! பயத்தில் இருந்தவனுக்கு ஓர் ஆள் கிடைத்ததே பெரிது. அவள் பேசவில்லை. அவன் முடுக்கி முடிக்கும்வரை டயரைப் பிடித்துக்கொண்டாள். கால்வாய்த் தண்ணீர் வாடை அடித்தது.

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி! வாங்க, ட்ராப் பண்ணிடறேன்."

வேண்டாம் என்று கைகாட்டினாள். எந்த அவசரத்திலும் நம் உபசாரம் விடுமா?

"அப்போ கொழந்த பொறந்ததும் கண்டிப்பா வந்து பாக்கணும் ஆன்ட்டி."

மெல்லத் தலையாட்டினாள்.

கார் நகர்ந்ததும் வான்மதி கேட்டாள்: "யாருகிட்டங்க பேசுனீங்க? அங்க யாருமே இல்லையே."

மாரிசாமி மறுபடி மிதித்தான்.

விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் ராத்திரி அவன் காபி வாங்கிக்கொண்டு வந்தபோது, உங்கள் அம்மா இப்போதுதான் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார் என்று நர்ஸ் சிரித்தாள். மாரிசாமியின் அம்மா கோவில்பட்டியில் இருக்கிறாள்.

உள்ளே ஓடினான். வான்மதி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தையின் இடது கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு. மை இல்லை... தொட்டு முகர்ந்தான். டயர் ரப்பர் வாடை.

துடைத்ததும் போய்விட்டது. கதவைச் சாத்தி, வான்மதியை எழுப்பி, குழந்தையை நடுவில் போட்டுக்கொண்டு இருவரும் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறக்கவே இல்லை.

விடிந்ததும் பார்த்தால்... பொட்டு வலது கன்னத்தில் இருந்தது. ஈரம் காயாமல்.