கொக்கு இல்லாத எட்டு ஆட்டம்

— கொக்கு ஆடின பதினாலுல ஏழு ஜெயிச்சிருக்கோம், ரெண்டு சமன். அவன் கணுக்கால் வீங்கிப் படுத்திருந்த எட்டுல ஒண்ணே ஒண்ணு. இதுக்கு மேல என்ன மாப்ள வேணும் உனக்கு?

— முதல்ல டார்ச்சை இந்தப் பக்கம் காட்டுங்க மச்சான். கணக்கை அப்புறம் காட்டலாம். லிஃப்ட் கூண்டு மேல ஒரே இருட்டு.

— இப்ப தெரியுதா?

— தெரியுது, தெரியுது. அடப்பாவமே, ரப்பர் சுத்தமா தேஞ்சு போயிருக்கு. இரும்போட இரும்பு உரசுது. மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல லிஃப்ட் ஏன் உதறுதுன்னு இப்பதான் புரியுது.

— ஸ்டாப் பட்டனை அமுக்கினியா?

— ஏறினதும் முதல் வேலை அதான். உங்க தங்கச்சியைக் கட்டினதைத் தவிர ஆபத்தான வேலை எதுவும் நான் செஞ்சதில்லை.

— வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. இந்தா, பதினெட்டு ஸ்பேனர். குனிஞ்சு வாங்கு, குழியில போட்டுடாதே.

— குடுங்க. அந்த எட்டு ஆட்டத்துல அஞ்சு பெரிய டீமோட. கோல் காக்கற நம்ம கோலி வேற அப்பதான் வந்து சேர்ந்த புதுப்பையன், பந்து வந்தா கண்ணை மூடிக்கிட்டான். கொக்கு இருந்திருந்தாலும் அதே கதிதான். உங்க நோட்டுல இதெல்லாம் வருமா?

— வரும். நான் எல்லாத்தையும்தான் எழுதறேன். அதே பெரிய டீமுங்களை அவங்க ஊருக்கே போய் கொக்கோட சந்திச்சோமே, ஒண்ணுலயாவது தோத்தோமா? சொல்லு.

— அட போங்க மச்சான். நோட்டைக் கட்டிக்கிட்டு அழுங்க.

— உன் சட்டைப் பையில என்ன துருத்திட்டு இருக்கு? அந்தக் கடிதமா?

— ஆமா. அஞ்சு மணிக்குள்ள கிளப் ஆபீஸ்ல குடுக்கணும். இந்த வேலை முடிஞ்சா நேரா அங்கதான்.

— மொத்தம் எத்தனை கையெழுத்து?

— நானூத்திப் பன்னிரண்டு. மைதானத்துல நம்ம கிழக்கு வரிசையில இதுவரைக்கும் எதுக்கும் இவ்வளவு பேர் கையெழுத்துப் போட்டதில்லை. கழிவறை கட்டித் தாங்கன்னு கேட்டப்பகூட நூத்திச் சொச்சம்தான்.

— மூத்திரத்தை அடக்கிக்குவானுங்க, ஊளையை அடக்க மாட்டானுங்க.

— சிரிக்காதீங்க மச்சான். கையெழுத்துப் போடற முதல் இடத்தை உங்களுக்குன்னு காலியா விட்டிருக்கேன். இருபத்திரண்டு வருஷமா முதல் வரிசையில முதல் நாற்காலி நீங்க. உங்க கையெழுத்து இல்லாம நான் கொண்டுபோய்க் குடுத்தா, நோட்டுக்காரர் எங்கேன்னுதான் முதல்ல கேப்பாங்க.

— என் கை முறிஞ்சாலும் அதுல கையெழுத்துப் போடாது.

— ஏம்ப்பா, லிஃப்ட் எப்ப ஓடும்?

— அரை மணி ஆகும் சிஸ்டர். எந்த மாடி?

— ஏழு. காலையில ஆறு மணியிலேர்ந்து வார்டுல நின்ன காலு. இந்தப் படியிலேயே உக்காந்துக்கறேன். நீங்க சண்டை போடறதைப் போடுங்க.

— சண்டை இல்லை சிஸ்டர். இவன் என் தங்கச்சி வீட்டுக்காரன். சும்மா பேசிட்டிருக்கோம்.

— கீழ ரெண்டாவது மாடி வரைக்கும் கேக்குதே. யாரு அந்தக் கொக்கு? என்னத்தைத் திருடினான்?

— திருடலை. எங்க ஃபுட்பால் டீம்ல ஆறாம் நம்பர். நெட்டையா, ஒல்லியா, நடுவுல நிப்பான். அதான் அந்தப் பேரு. நம்ம மைதானத்துல அவன் காலுக்குப் பந்து வந்தாலே போதும், இவங்க ஆளுங்க எல்லாரும் சேர்ந்து ஊ...ன்னு ஊளையிடுவாங்க. நாளைக்குக் கிளப் நிர்வாகம் கூடுது. அவனை அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கலாமா, அனுப்பிடலாமான்னு ரசிகர் சங்கங்களைக் கேட்டிருக்கு. எங்க சங்கத்துக்குச் செயலாளர் இதோ இந்தத் துரை. அனுப்பிடுங்கன்னு எழுதிப் பையில வெச்சிருக்கான்.

— நிப்பான்னு சொன்னாரே, அது நூத்துக்கு நூறு உண்மை சிஸ்டர். நிக்கத்தான் செய்வான். ஓட மாட்டான். முன்னாடி நாலு பேர் கையைத் தூக்கிட்டு நிப்பாங்க, இவன் பந்தைப் பின்னாடி தள்ளுவான். ஒரு பெனால்டி கிடைச்சது, அதை வானத்துக்கு அடிச்சான். அது இன்னும் கீழ வரலை.

— பின்னாடி தள்ளினா எதிராளி நாலு பேர் பந்தைத் துரத்திட்டு முன்னாடி வருவான். வந்தா அவன் முதுகுக்குப் பின்னாடி இடம் காலியாகும். அந்த இடத்துலதான் நம்ம ஒன்பதாம் நம்பர் பூந்து கோல் போட்டான், பதினோரு தடவை. கைதட்டல் எல்லாம் ஒன்பதுக்கு. இப்ப உனக்குப் பக்கத்துல தொங்குதே மாப்ள, கூண்டைத் தாங்கற எதிர் எடை, அது மாதிரி. ஏழாவது மாடிக்குப் போறவங்க யாராவது அதைப் பார்த்திருக்காங்களா? அதை அறுத்து விட்டுட்டு லிஃப்டை ஓட்டிப் பாரு.

— ஆரம்பிச்சுட்டார். வீட்டுல இட்ட சோறு தொண்டையில இறங்கறதுக்குள்ள இந்த எதிர் எடையை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா சிஸ்டர்? புது ரப்பரை எடுங்க மச்சான். இடது பக்கத்துது.

— இந்தா. அழுத்தி உக்கார வை, இடைவெளி விடாதே. சிஸ்டர், நீங்களே நியாயம் சொல்லுங்க. கொக்கு ஆடித் தோத்தது அஞ்சு. அஞ்சும் எங்க நடந்துச்சு? எல்லாம் நம்ம சொந்த மைதானத்துல. முதல் தோல்வி அந்த மழை ஆட்டம். ஊளை ஆரம்பிச்சது அன்னைக்கு அப்புறம்தான். அதுக்கப்புறம் நாலு. வெளியூர்ல அதே காலு, அதே பந்து, ஒண்ணுகூடத் தோக்கலை. ஏன்? அங்க ஊளையிட இவங்க வர்றதில்லை.

— எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணும் தெரியாது. ஆனா எங்க வார்டுல புதுசா வர்ற பொண்ணு ஊசி போடறப்ப, நோயாளியோட சொந்தக்காரங்க நாலு பேர் சுத்தி நின்னு முறைச்சாங்கன்னு வைங்க, நரம்பு கண்ணுக்கு எதிர்ல இருந்தாலும் கிடைக்காது.

— கேட்டியா?

— கேட்டேன். சிஸ்டர், அந்தப் பொண்ணு புதுசு. இவன் ஒன்பது வருஷமா ஆடறான். நாலு பேர் கத்தினா கை நடுங்கறவன் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வரணும்? நாங்க டிக்கெட் வாங்கி மழையிலயும் வெயில்லயும் நிக்கறோம். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்ல எங்ககிட்ட வேற என்ன இருக்கு? வாய் ஒண்ணுதான் இருக்கு.

— அவன் நடுங்கலை மாப்ள. அங்கதான் நீ தப்புப் பண்றே. நடுங்கறது மத்தவங்க. ஊளைக்கு முன்னாடி ஒரு ஆட்டத்துல கொக்கு காலுக்கு அறுபது தடவை பந்து போகும். நான் கோடு போட்டு எண்ணுவேன். போன வாரம் எத்தனை தெரியுமா? பத்தொன்பது. கூட ஆடற பசங்க அவனுக்குப் பந்தே குடுக்கறதில்லை. குடுத்தா ஊளை வரும், அந்த ஊளை குடுத்தவன் மேலயும் சேர்ந்து விழும். எதிராளிக்கும் இது புரிஞ்சு போச்சு. கொக்கை யாரும் மறிக்கறதில்லை, சும்மா விட்டுட்டு மத்த ஆளுங்களை ரெண்டு ரெண்டு பேரா சுத்திக்கிறாங்க. நாம பத்து பேரோட ஆடறோம். பதினோராவது ஆளை நீங்களே வாயால வெளிய அனுப்பிட்டீங்க.

— நட்டு முறுக்கறேன். இருங்க.

— பத்தொன்பதுன்னா ரொம்பக் கம்மியா?

— ரொம்பக் கம்மி சிஸ்டர். கோலிகூட அதுக்கு மேல தொடுவான். எனக்கு வயிறு எரியுது. அஞ்சாவது இடத்துல இருந்த டீமு இப்ப பதிமூணாவது இடத்துல கிடக்கு. முதல் முதல்ல ஊளையிட்டான் பாருங்க ஒரு புண்ணியவான், அவன் மட்டும் கையில கிடைச்சா இதே ஸ்பேனரால மண்டையில ஒண்ணு போடுவேன்.

— மச்சான், விளையாட்டுக்குக்கூட அப்படிப் பேசாதீங்க.

— ஏன், உனக்கு வேண்டப்பட்டவனா?

— வலது பக்க ரப்பரை எடுங்க.

— இந்தா.

— எனக்கு மட்டும் ஆசையா சிஸ்டர்? கொக்கு எங்க கிளப்புக்கு வந்த முதல் வருஷம், என் பொண்ணு சட்டையில ஆறுன்னு அச்சடிச்சுக் குடுத்தவனே நான்தான். அவ இன்னும் அதைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கறா. அப்பா ஏன் அவரைத் திட்டறேன்னு கேக்கறா. என்னத்தைச் சொல்ல?

— அவ்வளவு பிடிச்ச ஆளு எப்படித் திடீர்னு கசந்தான்?

— எனக்கு ஆட்டத்தோட நுணுக்கமெல்லாம் தெரியாது. உள்ளதைச் சொல்றேன். நான் டிரம் அடிக்கறவன். மேல் வரிசையில நின்னு அடிச்சா கூட்டம் பாடும், நிறுத்தினா நிறுத்தும். எவன் நல்லா ஆடறான், எவன் சும்மா ஓடறான்னு தெரிஞ்சவங்க சொன்னா நம்புவேன். அந்த மழை ஆட்டத்துலதான் நம்பினேன்.

— அந்த ஆட்டத்துல என்ன ஆச்சு?

— எங்க வரிசைக்குன்னு ஒரு வழக்கம் உண்டு சிஸ்டர். ஒரு ஆட்டக்காரனை மாத்தறதுக்கு ஓரத்துல நம்பர் பலகையைத் தூக்கினா, உடனே டிரம்மை நிறுத்திடுவோம். அவன் நடந்து வந்து கோட்டைத் தாண்டற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விட மாட்டோம். தாண்டினதும் மொத்த வரிசையும் எழுந்து கைதட்டும். நல்லா ஆடினவன், சொதப்பினவன், எல்லாருக்கும் அது உண்டு.

— நல்ல பழக்கமா இருக்கே.

— அன்னைக்குப் பலகையில ஆறு. நான் குச்சியைக் கக்கத்துல வெச்சுட்டேன். கொக்கு சேத்துல நடந்து வர்றான். மழைச் சத்தம் மட்டும்தான். கைதட்டறதுக்கு எல்லாரும் எழுந்தாச்சு. அந்த அமைதிக்குள்ள ஒரே ஒரு குரல். ஊ...ன்னு.

— யாரோட குரல்?

— கீழ முதல் வரிசையிலேர்ந்து. சாதாரணத் தொண்டை இல்லை. லிஃப்ட் குழிக்குள்ள நின்னுக்கிட்டுப் பத்தாவது மாடியில இருக்கறவனுக்கு 'நிறுத்து'ன்னு கத்திக் கத்திப் பழகின தொண்டை. ரெண்டு கையையும் வாய்ல குவிச்சுக்கிட்டு நிக்கறார். இருபத்திரண்டு வருஷத்துல நம்ம பசங்களைப் பார்த்து ஒரு தடவை முணுமுணுத்ததுகூட இல்லை. அப்படிப்பட்ட மனுஷன்.

— மாப்ள.

— இருங்க மச்சான், சொல்லி முடிச்சுடறேன். மனசுல வெச்சு வெச்சு எனக்கும் அலுத்துப் போச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு சிஸ்டர். ஆட்டத்தை எண்ணி எழுதற மனுஷன், இவரே ஊளையிடறாருன்னா, கொக்கு முடிஞ்சு போன ஆளுன்னுதானே அர்த்தம்? தட்ட எடுத்த கையைக் கீழ விட்டுட்டு நானும் ஊன்னேன். எனக்குப் பின்னாடி டிரம் கூட்டம், அதுக்குப் பின்னாடி மொத்தக் கிழக்கு வரிசை.

— இவரா? இவ்வளவு நேரம் அவனுக்கு வக்காலத்து வாங்கினாரே, இவரா?

— இவரேதான். கொக்கு அண்ணாந்து பார்த்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உள்ள போனான். அதைப் பார்த்ததும் இவருக்கு மனசு இளகியிருக்கும். ஈர மனசு, உங்களுக்குத் தெரியாது. மறுநாளே நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு, கொக்கு நல்லவன், வல்லவன்னு. பாவம் பார்த்துப் பேசறாருன்னு நான் ஒண்ணும் கேட்டுக்கலை. மூத்தவரை எதுக்குச் சங்கடப்படுத்தணும்? ஆனா பாவம் வேற, ஆட்டம் வேற மச்சான். அன்னைக்கு உங்க வாயிலேர்ந்து வந்ததுதான் நிஜம். அதை நம்பித்தான் நானூத்திப் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.

— தம்பி, அவர் சொல்றது நிஜமா? நீங்க கத்தினீங்களா?

— கத்தினேன்.

— பார்த்தீங்களா?

— மாப்ள, அந்தப் பலகையைத் தூக்கினப்ப என்ன ஸ்கோர்?

— ஒண்ணு, பூஜ்யம். நாமதான் முன்னாடி. அப்புறம்தான் ரெண்டு வாங்கித் தோத்தோம்.

— கொக்கு எந்தப் பக்கமா நடந்து வந்தான்?

— நம்ம பக்கம்தான். உங்களுக்கு நேரா.

— அவன் நடந்து வந்த இடத்துல, கோட்டுக்கு வெளிய, குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?

— கோச்.

— அந்தக் கோச்சைப் பார்த்துத்தான் கத்தினேன் மாப்ள, ஜெயிச்சுக்கிட்டு இருக்கறப்ப கொக்கை எதுக்குடா வெளிய எடுக்கறேன்னு. பின்னாடி நீங்க எல்லாரும் சேர்ந்து கத்தினப்ப, அடடா, நம்ம வரிசைக்கு என்னமா ஆட்டம் தெரியுதுன்னு பெருமைகூடப் பட்டேன்.