அரைத் தூக்கத்துல இருக்கணும்

இல்ல அண்ணாச்சி, இது செழிப்பு இல்ல, மாத்திரை. கன்னம் ரெண்டும் பணியாரம் மாதிரி உப்பிக் கெடக்குல்லா, மளிகைக்கடைக்காரன் நெய்யா முழுங்குதான்னு நெனச்சிருப்பிய. எம்பொண்டாட்டி சரோஜா தைராய்டுன்னு சொல்லச் சொன்னா. அந்தப் பொய் எனக்கு வாயில நிக்க மாட்டேங்குது. நாளைக்கு உங்க வீட்டம்மா கேப்பாவல்லா, பொண்ணோட அப்பன் மூஞ்சி ஏன் அப்படி வீங்கிக் கெடக்குன்னு.

கிட்னி மாத்துனது. ஆமா, எனக்குத்தான், வேலூர்ல வச்சு. தள்ளி உக்காராதிய, இது ஒட்டுற சீக்கு இல்ல. நீங்கதான் எனக்கு ஒட்ட வைக்காம இருக்கணும். அந்தத் தும்மல மட்டும் அங்கிட்டுத் திரும்பித் தும்முங்க.

ஏன்னு கேக்கியளா? நம்ம பாடாத் தெரு முக்குல கேரம் போர்டு தட்டிக்கிட்டு க்ளப் பயலுவ உக்காந்திருக்கானுவல்லா. உங்களையும் மறிச்சிருப்பானுவளே, கார் பாடி ஜாபேன், யாரு வீட்டுக்குப் போறியன்னு. வேற ஏரியா, கார்டன் ரீச்சுல இருந்து வாறேன்னு சொன்னதும் விட்டுருப்பானா? ரத்தத்துக்குள்ளயும் அதே மாதிரி ஒரு கூட்டம் இருக்காம். எதிர்ப்பு சக்தின்னு மரியாதையாச் சொல்லுதாவ. வெளியாளு எவன் வந்தாலும் அடிச்சுப் பத்துறதுதான் சோலி. நல்ல பயலுவதான், கிருமிய அடிக்கான். ஆனா எனக்குன்னு வச்ச கிட்னியையும் வெளியாளுன்னு அடிக்க வாறான். உன்னக் காப்பாத்த வந்ததுடா மூதேவின்னா கேக்கவா செய்வான்.

அதுக்குத்தான் மாத்திரை, பயலுவள அசத்திப் போடுததுக்கு. முழுசாத் தூங்கிட்டான்னா திருட்டுப்பய உள்ள பூந்திருவான், ஒரு சளி போதும் ஆளத் தூக்கிட்டுப் போக. நல்லா முழிச்சுக்கிட்டான்னா கிட்னி போச்சு. அரைத் தூக்கத்துலயே வச்சிருக்கணும், நான் சாவுற வரைக்கும். ரத்தத்தப் பாத்துப் பாத்து மாத்திரையக் கூட்டுதாவ, கொறைக்காவ. பூஜைக் கூட்டத்துக்குள்ள போகக்கூடாது, ரோட்டுல புச்கா, பானிபூரின்னு திங்கக்கூடாது. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட புழுதியத்தான் யாராலயும் நிறுத்த முடியல.

இதுல சரோஜா ஒரு கூத்துப் பண்ணிட்டா. புருசனுக்கு எதிர்ப்பு சக்தி கொறைஞ்சிருச்சுன்னு டாக்டரு சொன்னது மட்டும் காதுல விழுந்திருக்கு. கொறைச்சதே அவுகதான்னு விளங்கல. தூத்துக்குடி வைத்தியர்ட்டச் சொல்லி, கோரமண்டல் ரயில்ல வந்த ஆளு கையில ஒரு டப்பா லேகியம் வரவழைச்சு, தெனமும் பால்ல கலந்து குடுத்திருக்கா. அது பத்தாதுன்னு காளிகாட்டுக்கு வேற போயி, எம்புருசனுக்கு சக்தி குடு தாயின்னு வேண்டியிருக்கா. அடுத்த தடவ ரத்தம் பாத்தா கிட்னி கொதிச்சுப் போயிக் கெடக்கு. டாக்டரு என்ன தின்னன்னு கேக்க, இவ பெருமையா லேகியத்தச் சொல்லுதா. அந்த மனுசன் தலையில கைய வச்சுக்கிட்டாரு. நான் இந்தப் பக்கம் வாளி வச்சு இறைக்கேன், நீங்க அந்தப் பக்கம் குழாயத் தொறந்து விடுதியளேம்மான்னாரு. பொறவு இவ மறுபடியும் காளிகாட்டுக்குப் போயி, குடுத்த சக்திய வாபஸ் வாங்கிக்கோ தாயின்னு சொல்லிட்டு வந்தா. கோயில் பூசாரி பண்டா ரெண்டு வேண்டுதலுக்கும் தட்சிணை வாங்கிட்டான்.

குடுத்தது யாரா? மொதல்ல எந்தம்பி மருதமுத்து. எல்லாம் பொருந்திச்சு. ரயிலேறுற அன்னைக்கு அவனுக்கு முதுகு புடிச்சிக்கிட்டு. இன்னும் விடல.

பொறவா? பஜ்ஜிய எடுத்துக்கிடுங்க, ஆறுது. பொறவு வனஜா குடுத்தா. ஆமா, நீங்க பாக்க வந்த பொண்ணுதான்.

அடுக்களையில பாத்திரச் சத்தம் நின்னுட்டு, கேட்டியளா. தாலி ஏறுன பொறவு சொல்லிக்கிடலாம்னு சரோஜா கெஞ்சுனா. அவள வையாதிய. போன தை மாசம் வந்தவுக இதக் கேட்டதும் இதே எடத்துலதான் எந்திரிச்சுப் போனாவ. வனஜா சிரிச்சுக்கிட்டே தட்ட எடுத்துட்டுப் போனா, நாந்தான் உள்ள போயி அழுதேன். இந்தத் தடவையும் அவ ஒளிக்க ஒத்துக்கிடல. நீங்க சொல்லுதியளாப்பா, இல்ல நான் காபியோட சேத்துச் சொல்லட்டான்னுட்டா. ஒத்தக் கிட்னி போதும், பிள்ள பெத்துக்கிடலாம், ஒரு கொறையும் இல்லன்னு டாக்டரு அடிச்சுச் சொல்லுதாரு. வேணும்னா உங்க மகனக் கூட்டிட்டுப் போயே கேளுங்க.

எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, பயந்தான். பெத்த அப்பன் எனக்குள்ள வச்சே அந்த ரத்தத்துப் பயலுவ அவள வெளியாளுன்னு அடிக்க வாறானுவ. மாத்திரையப் போட்டு அடக்கி வச்சிருக்கேன். உங்க வீட்டு ஆளுகளுக்கு என்ன மாத்திரை குடுக்கன்னு எனக்குத் தெரியல. சொல்லுங்க, பிள்ளையக் கூப்பிடட்டா?